ஃபயர்வோலுக்கு நான் படிப்பித்த மரியாதை

தானாகக் கொம்பியூட்டர் பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு: கொஞ்ச நாளில் கொம்பியூட்டருக்கே புத்தி சொல்லத் தொடங்கிவிடுவான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

மன்னாரில், தோட்டவெளி என்ற ஊரில் படமெடுக்கும் கடை வைத்திருந்தேன். (கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கொம்பியூட்டர்.) அதில் ஃபயர்வோல் போட்டிருந்தேன். இணையத்துக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவே நிற்கும் காவல்காரன் அது. வெளியிலிருந்து எது நுழையப் பார்த்தாலும், உள்ளிருந்து எது வெளியே பேசப் பார்த்தாலும், மறித்துவைத்து 'விடவா?' என்று கேட்கும்.

அப்படியிருக்க, ஒருநாள் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணர் கடலில் மூழ்கி இறந்தார். அவரின் கைபேசியும் கடலோடு போனது. மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று அவர் சிரித்தபடி நின்றதை நான் படமெடுத்திருந்தேன். அது என் கொம்பியூட்டரில் மட்டும்தான் இருந்தது.

"முப்பத்தோராம் நாள் பூசையில குடுக்கிற நினைவு அட்டைக்கு அந்தச் சிரிக்கிற படத்தைப் போடு தம்பி," என்றார் அவர் மனைவி லில்லி அக்கா. "பிள்ளை அந்த முகத்தைத்தான் தேடுது."

அட்டையைச் சுற்றிப் போடப் பூ வரைந்த ஓரம் ஒன்று தேடி, ஏதோ தளத்தில் இலவசமாகக் கிடைத்ததை இறக்கித் திறந்தேன். ஃபயர்வோல் மறித்தது: தெரியாத மென்பொருள் ஒன்று வெளியே தொடர்புகொள்ளப் பார்க்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவீட்டு அலுவல் நடக்குது. இதுக்கு வாறவையை வாசல் படலையில மறிக்கிறதே? விடு!"

"இஞ்சருங்கோ, அது சும்மா கேக்காது," என்றாள் என் மனைவி றெஜினா.

(நான் கேட்பேனா?) 'அனுமதி'யை அழுத்தினேன்.

வந்தது பூ இல்லை. வெளியே இருந்த தன் எசமானோடு பேசிவிட்டு, என் படங்கள் அத்தனையையும் பூட்டியது. திறக்கப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேறு. மன்னாரில் காட்டாத ஆளில்லை. ஒருவராலும் திறக்க முடியவில்லை.

லில்லி அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அப்ப அதுவும் போயிட்டுதோ," என்றார். அவ்வளவுதான். நாலு ஏச்சு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் வேறு படம் இருக்கவில்லை; கடைசியில் மரியதாஸ் அண்ணரின் அடையாள அட்டையின் போட்டோகொப்பி ஒன்று கிடைத்தது. ஒருவரையும் கடிந்து பேசியறியாத மனிதர், அதில் யாரையோ அடிக்கக் கிளம்பியவர்போல் முறைத்துக்கொண்டிருந்தார். பூசைக்கு வந்தவர்கள் அட்டையை வாங்கிப் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

அந்தப் படம்தான் இன்று பெரிதாகி அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் போனால் மகள் கதிரையை அதற்கு நேரெதிரே இழுத்துப் போடுவாள்.

"இருங்கோ மாமா. அப்பா உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

லில்லி அக்கா சிரிப்பார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் நிமிராமலே எழும்பி வந்துவிடுவேன்.