பதினான்காம் எண் தூக்கம்

அரசுக் கையேட்டின்படி அந்தத் தீவில் கண்டு களிக்க வேண்டிய இடங்கள் பதின்மூன்று. கையேட்டில் தவறு எதுவும் கிடையாது. தீவில்தான் சில குறைகள் இருந்தன. அருவியில் தண்ணீர் இல்லை. கோட்டையைச் சுற்றி மராமத்துக்காகச் சாரம் கட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இப்போது சாரத்துக்கே மராமத்து தேவைப்பட்டது. அருங்காட்சியகத்தின் சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். கடல் மட்டும் குறையில்லாமல் இருந்தது. ஆனால் "இங்கிருந்து கடலைக் கண்டு மகிழலாம்" என்ற பலகையைச் சுற்றுலாத் துறை இருபதடி உயரத்துக்கு நட்டிருந்ததால், பலகையைக் கண்டுதான் மகிழ முடிந்தது.

இந்த நிலையில் ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு, வெளிநாட்டுப் பயணிகள் இருபத்திரண்டு பேரை ஏற்றிவந்த பஸ், எதிரே ஒரு லாரி வழிமறித்ததால் மேட்டுத் தெருவில் நின்றுவிட்டது. "இங்கேதான் அருவி விழும்", "இதற்குள்ளேதான் கோட்டை இருக்கிறது" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வழிகாட்டிப் பெண்ணுக்குத் தொண்டை வறண்டிருந்தது. முன் இருக்கையில் இருந்த தொப்பிக்கார அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அது என்ன?" என்று கேட்டாள்.

அது விளக்குக்காரர். கலங்கரை விளக்கத்தில் முப்பத்தொரு வருஷம் ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கப்பல்களுக்கு வழி காட்டியவர். தானாக எரியும் யந்திரம் வந்ததும் ஓய்வு பெற்று, விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் மத்தியான வேளைகளில் வீட்டு வராந்தாவில் தூங்கித் தீர்த்துக்கொண்டிருந்தார். சாய்வு நாற்காலி, தோளில் கிழிந்த பனியன், திறந்த வாய்.

வழிகாட்டிப் பெண் ஒரு நொடி யோசித்தாள். அன்றைக்கு அவளிடம் காட்டுவதற்கு வேறெதுவும் மிச்சமில்லை.

"அதுதான் எங்கள் தீவின் மரபு ஓய்வு. ஆயிரம் வருஷத்து வழக்கம். சத்தம் போடாமல் இறங்கிப் பாருங்கள்" என்றாள்.

இறங்கிப் பார்த்தார்கள். லாரி நகர்ந்த பிறகும் நகராமல் பார்த்தார்கள். குறட்டை உச்சத்துக்கு ஏறி, விக்கி, மெல்ல இறங்கியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஊருக்குப் போனதும் ஆளுக்கொரு பாராட்டுக் கடிதம் எழுதி, எடுத்த படங்களையும் வைத்து அனுப்பினார்கள். சுற்றுலாத் துறைக்குப் பாராட்டு வந்தது அதுவே முதல் தடவை. முதலில் அது தவறான முகவரிக்கு வந்த தபால் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாவது முறை பிரித்துப் படித்தார்கள். மறுநாளே உதவி இயக்குநர் கோப்பும் கையுமாக விளக்குக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தூங்கறாரா?" என்று விளக்குக்காரரின் மனைவியிடம் கேட்டார்.

"இல்லீங்க, முழிச்சிட்டாரு."

"அடடா. மறுபடி எப்ப ஆரம்பிப்பாரு?"

அப்படித்தான் தொடங்கியது. விளக்குக்காரரின் பகல் தூக்கம் பதினான்காம் எண் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. "மேற்படி தூக்கமானது தினசரி பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை, விடுமுறை நாட்கள் உட்பட, இடைவிடாது பராமரிக்கப்பட வேண்டும்" என்பது ஆணை. வராந்தாவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார்கள். குக்கர் விசில் தடை செய்யப்பட்டது. பழைய பனியனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடலாம் என்று மனைவி எடுத்து வந்தபோது, உதவி இயக்குநர் பதறிப்போனார்.

"என்னம்மா இது! படத்துல கிழிசல் இருக்கே!"

"அதைத்தாங்க தூக்கிப் போடுன்னு அஞ்சு வருஷமா இவர்கிட்ட மல்லுக்கட்டறேன்."

"இனிமே அது அரசாங்கக் கிழிசல். ஊசி படக் கூடாது."

முதல் நாள் இரண்டு மணிக்கு நாற்பது பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். விளக்குக்காரர் நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்தார், கண்ணை மூடினார். தூக்கம் மட்டும் வரவில்லை. ஒருவர் தூங்குவதை நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால், அந்த ஒருவருக்குத் தூக்கம் எங்கேயிருந்து வரும்? சும்மா குறட்டை விட்டுப் பார்த்தார். தொப்பிக்கார அம்மாள் கணவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்திருந்தாள். "போன தடவை இருந்த ஆழம் இல்லை" என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

உடனே துறை அவருக்கு மெமோ கொடுத்தது.

"விளக்கடியில கண்ணசந்தா மெமோன்னு முப்பத்தொரு வருஷம் மிரட்டினீங்க. இப்ப முழிச்சிருந்தா மெமோவா?" என்று கேட்டார் விளக்குக்காரர்.

"கொள்கை மாறியிருக்கு, பெரியவரே" என்றார் உதவி இயக்குநர்.

இதற்கிடையில் தலைநகரத்தில் இந்தத் தூக்கம் மோஸ்தராகிவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தோளில் கிழித்த பனியன்களைப் பெரிய கடைகளில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கிழிசலுக்குக் கடைக்காரர்கள் உத்தரவாத அட்டை கொடுத்தார்கள். விளக்குக்காரரின் தரத்தை உயர்த்துவதற்காக, அங்கிருந்து ஓர் ஓய்வுப் பயிற்சியாளரைத் துறை வரவழைத்தது.

"ஐயா, நீங்க நோக்கமே இல்லாம தூங்கியிருக்கீங்க. அதுதான் பிரச்சினை. முதல்ல நீங்க தூங்கறதை நீங்களே உணரணும்" என்றாள் அந்தப் பெண்.

"உணர்ந்துட்டா அப்புறம் எப்படிம்மா தூங்கறது?"

"அது மூணாவது வகுப்புல வரும்."

மூன்றாவது வகுப்பு முடிந்து சான்றிதழும் கொடுத்தார்கள். ராத்திரியில் கண் மூடியே பழக்கமில்லாத அவர் தூங்கி, அதற்குள் பதினோரு நாள் ஆகியிருந்தது. கண் இரண்டும் சிவந்து உள்ளே போய்விட்டன. காலையில் பல் தேய்க்கும்போது கொஞ்சம் அசந்தார். அதைத் துறை நியமித்திருந்த கண்காணிப்பாளர் பார்த்து "நேரம் தவறிய தூக்கம்" என்று குறித்துக்கொண்டார். பனியன் தொளதொளவென்று தொங்கியதை மனைவி பார்த்தாள்.

"இப்படியே போனா உங்களைப் படத்துலதான் பாக்கணும்" என்று அழுதுவிட்டாள். "போங்க, போயி ஒரு மனுவைக் குடுங்க. எங்க வீட்டுத் தூக்கத்தை எங்களுக்கே திருப்பிக் குடுங்கன்னு எழுதுங்க."

எழுதி எடுத்துக்கொண்டு, கண்காணிப்பாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பின்வாசல் வழியாக நழுவினார். சுற்றுலா அலுவலகத்தை அடைந்தபோது மணி இரண்டே முக்கால்.

உள்ளே காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன்கீழே ஒன்பது மேஜைகளில் ஒன்பது தலைகள். ஒருவர் கோப்பின் மேல் கன்னத்தைப் பதித்திருந்தார். ஒருவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அதற்குள் கையை மடித்து வைத்து அதன்மேல் சாய்ந்திருந்தார். கண்ணாடி அறைக்குள் உதவி இயக்குநர், பேனா பிடித்த கை காகிதத்தின் மேலேயே இருக்க, நெட்டுக்குத்தலாக உட்கார்ந்தபடி தூங்கினார். ஒரு நடிப்பு இல்லை, பயிற்சி இல்லை, கயிறு இல்லை. விளக்குக்காரருக்குப் பொறாமையாக இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. மனுதாரர் பெஞ்சில் உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டது. அங்கே தன்னை யாருமே பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்த மறுகணம் அவர் தலை தொங்கிவிட்டது.

மேட்டுத் தெருவில் பஸ் வந்து நின்றது. நாற்காலி காலி. "ஆபீஸுக்குப் போயிருக்காரு" என்றாள் மனைவி. வழிகாட்டிப் பெண் நாற்பத்தைந்து பேரையும் மறுபடி பஸ்ஸில் ஏற்றி அலுவலகத்துக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. ஆனாலும் தொழில் தெரிந்தவள்.

"இது கூட்டு ஓய்வு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "இதைச் சாதாரணமாக வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை."

நாற்பத்தைந்து பேரும் மெய்ம்மறந்து நின்றார்கள். கடைசியில் அடக்க முடியாமல் கை தட்டினார்கள். உதவி இயக்குநர் விழித்துப் பார்த்து, மேலிடத்துச் சோதனை என்று நினைத்து, வேலை போயிற்று என்று நடுங்கி எழுந்தார். தொப்பிக்கார அம்மாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்த வாரமே விளக்குக்காரர் விடுவிக்கப்பட்டார். அலுவலகம் பதினைந்தாம் எண் பாரம்பரியச் சின்னமாயிற்று. சின்னத்தின் அமைதி கருதி, மனுக்கள் வாங்குவது நிறுத்தப்பட்டது. அதுவரை மனுவோடு நடையாய் நடந்து, "தூங்குமூஞ்சிப் பயல்கள்" என்று திட்டித் தீர்த்த ஊர்க்காரர்கள், இப்போது குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். திட்டு நின்றுபோயிற்று.

விளக்குக்காரர் பழையபடி தூங்கி உடம்பு தேறினார். இரண்டு மாதம் கழித்து அக்கரையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தபோது, அலுவலகத்தைக் காட்ட அவரே பெருமையாக அழைத்துப்போனார். எட்டு மேஜைகள் திவ்வியமாக இருந்தன. மூன்றாவது மேஜையில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே?" என்று கிசுகிசுத்தார் விளக்குக்காரர்.

"ஒரு வயசான அம்மாவோட மனு சார். மூணு வருஷமா கிடக்கு. இன்னும் நாலே வரிதான், முடிச்சிடறேன்."

"நாங்க டிக்கெட் வாங்கி வந்திருக்கோம்யா! மச்சான் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு!"

வரிசையில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். குழந்தைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு தாய், "இதையா இதுகளுக்குக் காட்டறது?" என்று பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினாள். அங்கேயே ஒரு புகார் எழுதினார்கள். முதல் கையெழுத்து விளக்குக்காரருடையது.

மாலைப் படகு புறப்படுவதற்குள் மூன்றாவது மேஜைக்காரருக்கு வேலைநீக்க உத்தரவு வந்துவிட்டது. படகுத்துறையில் அந்தச் செய்தியைக் கேட்ட விளக்குக்காரர் மச்சானின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், மத்தியானம் குடுத்த புகாருக்குச் சாயங்காலம் நடவடிக்கை. நம்ம ஆபீஸைப் போயி என்னென்னமோ சொல்றாங்க!"