ஏட்டையா கதவைச் சாத்திய பிறகு

ஒளிவுக்காரர் என்று நம்மிடையே ஓர் இனம் உண்டு. திருடரைச் சொல்லவில்லை, ஒளிந்துகொள்ள அவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரையும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வழி கேட்டால் ஊரே கூட்டிக்கொண்டு போய் விடும். நம் ஒளிவுக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். சட்டத்திலும் வேதத்திலும் தடையில்லாத, ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்யாத ஒரு சின்னச் சந்தோஷம் அவருக்கு இருக்கும். ஒருவர் தோட்டத்து நடுவில் நின்று வாழைகளுக்குப் பிரசங்கம் செய்வார். ஒருவர் தம் வீட்டுப் பல்லிகளுக்கெல்லாம் பெயர் வைத்து நலம் விசாரிப்பார். ஒருவர் ஐம்பது வயதில் பம்பரம் விடுவார். விட்டால் என்ன, விட்டுவிட்டுப் போகட்டுமே. ஆனால் ஊர் சிரிக்கும் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு அதைப் பொன்போலப் பூட்டிக் காப்பார்.

இவரைக் கண்டுபிடிப்பது எப்படி? ரொம்பச் சுலபம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார். நீங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவர், "நேற்று மத்தியானம் முழுக்க நான் தூங்கிவிட்டேன்" என்பார். அவர் வீட்டில் நெல் இருக்கும் அறை திறந்து கிடக்கும், நகைப்பெட்டி இருக்கும் அறை திறந்து கிடக்கும், ஒன்றுமே இல்லாத பின்னறைக்கு மட்டும் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கும். உங்கள் கண் தற்செயலாக அந்தப் பக்கம் போனால் போதும், "அங்கே ஒன்றுமில்லை" என்று இரண்டு தடவை சொல்வார். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்போம்.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்தியவராக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற பாதையில் ஓர் ஊரில் ரசலையன் என்பவர் இருந்தார். திருவிதாங்கூர் போலீசில் ஹெட் கான்ஸ்டபிள். ஊர் வாயில் ஏட்டையா. ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு, உடம்பையும் மிஞ்சிய மீசை. அந்த மீசையைப் பார்த்த மாத்திரத்தில் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவர் ஓய்வு கிடைத்த மத்தியான வேளைகளில் பின்னறையைத் தாழிட்டுக்கொண்டு என்ன செய்தார்?

லேஸ் பின்னினார்.

மிஷன் அம்மாமார் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. உருண்டைத் தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, பூவும் கொடியுமாகப் பின்னிக்கொண்டே போவார்கள். பெண்கள் வேலை என்று பெயர். ரசலையனின் அம்மா அதைச் செய்துதான் அவரை வளர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கண்ணோடு சேர்ந்து கையும் படித்துக்கொண்டது. ஸ்டேஷனில் நாள் முழுக்கப் பொய்யைக் கேட்டு, அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு அலுத்து வருகிற மனிதருக்கு, தப்பு எங்கே என்று தானே காட்டிக்கொடுக்கும் நூல் எவ்வளவு பெரிய ஆறுதல். அந்தத் தலையணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் மெய்யாகவே சந்தோஷமாக இருந்தார்.

பிடிபட்டால் என்ன ஆகும்? வேலை போகாது. சபையிலிருந்தும் நீக்கமாட்டார்கள். ஆனால் கேலியாக ஒரு வட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைப் போதகரே மறந்துபோவார். வட்டப்பெயரை ஊர் மறக்காது. பக்கத்து வீட்டுப் பலசரக்குக் கடை ஞானசிங்கின் தாத்தா, என்றோ ஒரு நாள் மரத்தடியில் கிடந்த பலாப்பழத்தைத் திருடன் என்று நினைத்துத் தடியால் அடித்துவிட்டார். பலாப்பழத்துக்கு இங்கே சக்கை என்று பெயர். தாத்தா போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், ஞானசிங்குக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் 'சக்கையடியான் கடை' என்று சொல்லித்தான் சாமான் வாங்கப் போகிறார்கள். தம் பிள்ளைகள் தலையில் இப்படி ஒன்று விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் ரசலையனின் ஒரே கவலை.

ஆகவே பந்தோபஸ்து பலமாக இருந்தது. பின்னும்போது கட்டைகள் ஒன்றோடொன்று மோதிச் சளசளக்கும். அதை அமுக்க உரத்த குரலில் கீர்த்தனை பாடுவார். அவருக்குக் குரல் உண்டு, ராகம்தான் கிடையாது. நூல் வாங்க நாகர்கோவில் போகமாட்டார், தெரிந்த முகங்கள் அதிகம். தலையைச் சுற்றி மப்ளர் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுவார். சித்திரை வெயிலில் மப்ளர் கட்டிய ஆறடி மனிதரை யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? பின்னி முடித்ததை மனைவி நேசம்மாளின் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டுவார். வீட்டில் விஷயம் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். நேசம்மாள் பசு கறப்பாள், நெல் அவிப்பாள், வேலியேறி வந்து சண்டை போடுகிறவர்களைத் திரும்ப வேலியேற வைப்பாள். ஊசி மட்டும் ஆகாது. ஏட்டையாவின் உடுப்புக்குப் பித்தான் தைப்பதும் ஏட்டையாவேதான்.

ஆனால் ஒளிவுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. தாம் இன்னார் என்று தெரியக் கூடாது. தம் வேலை இன்னதென்று தெரிய வேண்டும். பெட்டிக்குள் கிடக்கிற பூவை யார் மெச்சுவது? அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தபோது இந்த வியாதி முற்றிவிட்டது. சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். சேவலும் தேங்காயும் மரவள்ளிக்கிழங்குமாகக் குவிந்திருந்த காணிக்கையில், ஒரு மட்டி வாழைப்பழக் குலைக்கு அடியில், நான்கு ஓரமும் லேஸ் வைத்த மேசைவிரிப்பு ஒன்றைச் சொருகிவிட்டு ரசலையன் பூனை மாதிரி வெளியே வந்தார். பெயர் சொல்லாத காணிக்கை. ஒரு வருஷத்து வேலை.

விரிப்பைப் பிரித்ததும் பெண்கள் பக்கம் ஒரே வியப்பு. ரசலையனுக்கு நெஞ்சு விம்மியது. அடுத்த நிமிஷம் எல்லோரும், லேஸ் வேலைக்குப் பெயர்போன உபதேசியாரின் மனைவி சத்தியபாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தியபாய் அக்காக்க கை இல்லாம வேற யாருக்க கை இது?" என்றாள் ஒருத்தி.

சத்தியபாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "செய்த கைக்கு ஆண்டவர் கூலி குடுப்பாரு," என்றாள்.

ரசலையனுக்கு ரத்தம் கொதித்தது. ஆள்மாறாட்டத்துக்கு என்ன செக்ஷன் என்று மனசுக்குள் தேடினார். கள்ளி கண்முன்னே உட்கார்ந்திருக்கிறாள், தொண்டிச் சாமான் மேசைமேல் கிடக்கிறது, கைது செய்யத்தான் வழியில்லை. பறிகொடுத்தவன் யார் என்று கேட்டால் தம்மைத்தானே காட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏலம் விடுவது ஞானசிங். விரிப்புக்கு நாகர்கோவில் ஜவுளிக்கடை நேசையன் கேட்டார். வெளியூர்க்காரர், வியாபாரி, விலையைக் குறைக்க எதையாவது குறை சொல்லியாக வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம்.

"சாமான் கொள்ளாம்," என்று ஒப்புக்கொண்டார் நேசையன். "ஆனா மூலையில பூவு கோணிப்போச்சு. பழகாத கையாக்கும்."

ரசலையன் எழுந்து நின்றது அவருக்கே தெரியாது.

"கோணலா? அது கோணல் இல்ல வே. ஊர்ல எல்லாரும் மூலைக்கு வந்தா வெட்டித் தச்சுருவாவ. வெட்டாம ஒரே நூலாத் திருப்பினா பூவு அப்பிடித்தான் திரும்பும். அந்த ஒரு மூலையை மூணு மட்டம் அவுத்துப் பின்னியிருக்கு. ஒமக்கு என்ன தெரியும்?"

ஆலயத்தில் காணிக்கைச் சேவல் மட்டும் சத்தம் போட்டது. ரசலையனுக்கு மீசை வியர்த்தது.

"அப்பிடீண்ணு," என்றார், "நேசம்மா சொன்னா."

சபை முழுக்க நேசம்மாளைப் பார்த்தது. புருஷனுக்காக எதுவும் செய்கிறவள்தான். ஆனால் இடம் அப்படிப்பட்ட இடம்.

"எனக்கு ஊசியில நூலு கோக்கவே தெரியாது," என்றாள் அவள். "கோயிலுக்குள்ள நிண்ணு பொய் சொல்ல முடியாது. என்னை விட்டுருங்க."

முடிந்தது. ரசலையன் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு வெடிக்கும் என்று காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. "செரி, ஏட்டையா உக்காரும், ஏலம் நடக்கட்டு," என்றார் ஞானசிங், சாதாரணமாக. விரிப்பு நேசையனுக்கே போனது. குறை சொன்ன வாய்க்கு அபராதமாக நல்ல விலையும் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ரசலையன் ஞானசிங்கைப் பிடித்தார்.

"ஒமக்கு எப்பம் தெரியும்?"

"எப்பம் தெரியாம இருந்துண்ணு கேளும். ஒமக்க சன்னலு எனக்க கடைக்குப் பொறத்தாலதானே இருக்கு."

"ஊருக்கு?"

"ஊருக்குத் தெரியாம எனக்கு மட்டும் தெரியுமா? எட்டிப் பாத்துருமேண்ணு சின்னப் பிள்ளையளைக்கூட ஒம்ம முற்றத்துல பந்து விளையாட விடமாட்டோம். பஸ் கண்டக்டர் ஒமக்க மப்ளரைக் கண்டா, 'அண்ணாச்சிக்கு எந்த ஊரு'ண்ணு கேப்பான். அவன் ஒமக்கு மச்சினன் மொறையாக்கும்."

"பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"இத்தற பாடுபட்டு ஒளிக்குதீரு. தெரியும்ணு சொன்னா மனசு நோவும்லா."

சத்தியபாயும் வந்து சேர்ந்தாள். "நான் இல்லேண்ணு சொன்னா வெளியூர்க்காரங்க பின்ன யாருண்ணு தேடுவாவ, ஏட்டையா. அதான் தலையைக் குனிஞ்சேன். பொய்யும் சொல்லல்ல பாத்துக்கிடுங்க."

தமக்காகத் தலை குனிந்த அந்தப் பெண்மேல் எந்தச் செக்ஷனைப் போட இருந்தோம் என்று நினைத்தபோது ரசலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தாம் ஊரை ஏமாற்றியதாக நினைத்திருந்தார். ஊர்தான் அவரை அன்போடு ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு பழைய பயம் மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"அப்பம்," என்றார் தணிந்த குரலில், "எனக்கு வட்டப்பேரு வச்சாச்சா?"

ஞானசிங் ஆலயத்தின் கூரையைப் பார்த்தார். "அது எப்பமே வச்சாச்சு."

"லேஸ் வச்சா?"

"லேஸுக்கு யாரு வைப்பா? நல்ல வேலையுல்லா அது. பாட்டுக்காக்கும் வச்சது."

"என்ன பேரு?"

"ஓட்டை ஆர்மோனியம்," என்றார் ஞானசிங். ஆறுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "ஒமக்க மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்துல சின்ன ஆர்மோனியம்."

அன்றிலிருந்து ரசலையன் பாட்டை நிறுத்திவிட்டார். தெருவில் மத்தியானத் தூக்கம் திரும்ப வந்தது. கதவை மட்டும் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் பின்னினால்தான் கை ஓடுகிறது என்று நேசம்மாளிடம் சொன்னார். தெருவும் பெரிய மனசு பண்ணி, மறுபடியும் ஒன்றும் தெரியாமலேயே இருந்துகொண்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர், "ஏட்டையா உள்ளே என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது, "தூங்குதாரு," என்று நாலு வீட்டிலிருந்து ஒரே சமயத்தில் பதில் வந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நாமெல்லாம் அவ்வளவு அசடு இல்லை, நம் தாழ்ப்பாள் கெட்டியான தாழ்ப்பாள், நம் விஷயம் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு நல்லது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, பேச்சோடு பேச்சாக, "என்னைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று வீட்டாரிடம் கேட்டு வைக்காதீர்கள்.

சொல்லிவிடுவார்கள்.