உணர்வு: இட்லி

மார்ச் 3, செவ்வாய். நேற்று ‘உணர்வு’ கட்டத்தில் ‘இட்லி’ என்று எழுதியது தவறு. சாப்பிட்டது பொங்கல். திருத்தியாயிற்று.

ஹரிஹரன் பேனாவை மூடினான். இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. டாக்டர் கேட்டது இதுதானா?

ஒரு மாதமாக அவனுக்கு நெஞ்சு அடைத்தது, தொண்டையில் உருண்டை நின்றது, கண்ணில் நீர் கட்டியது. இசிஜி, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் சுத்தம். “உடம்புல ஒண்ணுமில்ல. மொதல் நாள்லேருந்து எப்பெப்ப வருது, அப்ப மனசுல என்ன இருக்குன்னு எழுதிட்டு வாங்க” என்று திருப்போரூர் டாக்டர் அனுப்பிவிட்டார். மனசில் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. நோட்டில் ‘உணர்வு’ என்று கட்டம் போட்டு, வயிற்றில் இருந்ததை எழுதினான்.

மாலை வகுப்பில் ஏசி மெக்கானிக் படிப்பவன் அவன். கோளாறு பிடிபடாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது வகுப்புப் பாடம். முதலில் பொங்கலைக் கழற்றினான்.

“இன்னாயா, என் சமையல் எறங்கலியா?” என்றாள் மனைவி விஜயகுமாரி.

“எறங்குது. நெஞ்சுக்கு ஒத்துக்கல.”

அவள் வெடுக்கென்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்து தலையணையைக் கழற்றினான். கழுத்து பிடித்துக்கொண்டது, அடைப்பு அப்படியே இருந்தது. மிச்சம், அவன் ஸ்டோர் வேலைக்குப் போகும் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ். அதில் ஏறினாலே நெஞ்சு அடைத்தது. டீசல் புகை என்று முடிவு கட்டி, இரண்டு டவுன் பஸ் மாறிப் போனான்.

அந்த ஸ்டாஃப் பஸ்ஸை மூன்று வாரமாக ஓட்டுவது விஜயகுமாரி. அன்று மாலை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“நான் ஓட்டுனா பயமா உனுக்கு?”

“பயமான்னு தெரியல. நீ ஸ்டியரிங் புடிச்சா நெஞ்சு அடைக்குது.”

“ஊரே மெச்சுது, நீ ஒரு வார்த்த சொல்லல. கட்னவனே ஏற மாட்றான்னு பஸ்ல சிரிச்சிகினு கீறாங்க. நாளைக்கு சாவிய மேனேஜர்கிட்ட குடுத்துடறேன், போ!”

அவனுக்கு நெஞ்சு இன்னும் கனத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் இன்னும் வரவில்லை. இசிஜி எடுக்கும் கன்னியம்மா நோட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

“பிப்ரவரி 4. விஜயா ஹெவி லைசென்ஸ் வாங்கினாள். தொண்டையில் உருண்டை. உணர்வு: உப்புமா. பிப்ரவரி 16. காக்கிச் சட்டை போட்டாள். கண்ணில் நீர். உணர்வு: தோசை. மார்ச் 2. மாமல்லபுரம் திருப்பத்தில் டூரிஸ்ட் பஸ்காரன் வழி விடவில்லை. ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தாள். பஸ்ஸே கை தட்டியது. எனக்கு நெஞ்சு அடைத்து, கை எழவில்லை. உணர்வு: பொங்கல்.”

“இன்னா சீக்குக்கா இது?” என்றான் ஹரிஹரன், பயந்தபடி.

கன்னியம்மா நோட்டை மூடினாள். “சீக்கா? பொண்டாட்டிய பாத்து உனுக்கு வர்ற பெருமைடா தம்பி. அதுக்குப் போயி டிபன் பேரு வச்சிகினு கீற!”

மார்ச் 9, திங்கள். ‘உணர்வு’ கட்டம் முழுவதும் தவறு. திருத்தவில்லை. அப்படியே அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாளா அழுதாளா, சரியாகத் தெரியவில்லை. சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. நாளை: காலை 6.40 பஸ். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். கை தட்ட வேண்டும்.