ஒரிஜினல் வீட்டுக்குக் கேமரா வந்தது

டிவியில் பாட்டுப் போட்டி பார்ப்பவர்கள் இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் அனுபவம் போதாது. பாட்டைக் கேட்கிறவர்கள் ஒரு வகை, பாடுகிறவரின் சட்டையைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்களைத் தவிர மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது உண்மைப் பரிசோதகர் இனம். இவருக்குப் பாட்டும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். சோஃபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேடையில் நிற்பவனின் கண்ணீர் கண்ணிலிருந்து வருகிறதா, கண்ணுக்குக் கீழே தடவிய தைலத்திலிருந்து வருகிறதா என்பதை மட்டும் கவனிப்பார். கவனித்துவிட்டு வலது கையை டிவியை நோக்கி நீட்டி, ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லுவார்.

"நடிப்பு."

நாம் பார்க்கப்போகிற பரிசோதகர் குளியலறைச் சாமான் விற்கும் ஷோரூம் ஒன்றில் மேனேஜர். ஒரு குழாயை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது பித்தளை, இது வெறும் பூச்சு" என்று சொல்லிவிடுவார். அதனால் கடையில் அவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். குழாயைத் தட்டிப் பழகிய விரல் சும்மா இருக்குமா? மனிதர்களையும் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கல்யாண வீட்டில் அழுகிற பெண்ணின் அம்மா, ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொல்லும் டாக்டர், ஓய்வுபெறும் அதிகாரிக்கு மாலை போட்டு நா தழுதழுக்கும் சக ஊழியர் என்று அவர் தட்டிப் பார்க்காத ஆளே கிடையாது. யாருமே பித்தளையாகத் தேறவில்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் சோகம்.

ஆனால் அவர் முழு மூச்சாக இறங்குவது ராப் போட்டிக்குத்தான். "ராப்புங்கறது தெருவோட குரல்" என்பார். அவர் குடியிருக்கும் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கும். குரல் என்று ஏதாவது கேட்டால், அது பின்பக்கமாக வரும் காரின் கூவல்தான். அதனால் என்ன? தான் பார்க்காத தெருவைப் பற்றித்தானே உறுதியாகப் பேச முடியும்! ராப் பாடுகிறவன் அடிபட்டிருக்க வேண்டும், பட்டினி கிடந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் அப்பாவாவது ஓடிப்போயிருக்க வேண்டும். அப்படி அடிபட்டவனே வந்து நின்று அழுதால்? அதுவும் நடிப்பு. உண்மையிலேயே அடிபட்டவன் டிவிக்கு எதற்கு வருகிறான் என்பது அவர் கேள்வி. இந்த வாசலிலும் போக முடியாது, அந்த வாசலிலும் போக முடியாது. மொத்தத்தில் உள்ளே யாரும் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அவருடைய சொந்த மகள் அதே போட்டியின் அரையிறுதிக்குத் தேர்வானாள்.

பெண் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் முனகலையே தாளமாக்கி, பாட்டுக் கட்டிப் பாடித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். மூன்று நடுவர்களும் வாய்விட்டுச் சிரித்துத் தேர்வு செய்தார்கள். வீட்டில் இருந்த நடுவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ராப்னா அதுல வலி இருக்கணும்மா."

"பல்வலி பத்தாதாப்பா?"

"விளையாடாத. அடுத்த சுத்து ஓட்டுச் சுத்து. எதிர்ல நிக்கிறவங்கள்ல ஒருத்தனுக்கு அம்மா இல்ல, ஒருத்தனுக்கு வீடு இல்ல. உனக்கு என்ன இருக்கு? எல்லாமே இருக்கு! யார் ஓட்டுப் போடுவா?"

நிகழ்ச்சிக்காரர்கள் போன் பண்ணினார்கள். ஒவ்வொரு போட்டியாளரின் வீட்டையும் படமெடுத்து, பாட்டுக்கு முன்னால் காட்டுவது வழக்கம், நாளை வருகிறோம், வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இத்தனை வருஷம் இந்தப் போட்டியைக் கரைத்துக் குடித்தவருக்கு 'அப்படியே' என்பதற்கு அர்த்தம் தெரியாதா? வைத்த போனின் சூடு ஆறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

திரைச்சீலைகள் இறங்கின. சோஃபா படுக்கையறைக்குள் போய்க் கட்டிலின் மேல் ஏறியது. பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜை அவர் வீட்டுக்கு நகர்த்தினார்கள். டிவியின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினார். இத்தனை பேரை நடிகர்கள் என்று காட்டிக்கொடுத்த அதே டிவி, வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றது. கடைசியாகத் தொழில் ரகசியத்தைக் கையில் எடுத்தார். சமையலறைக் குழாயைக் கழற்றி, நல்ல வாஷரை எடுத்துவிட்டுத் தேய்ந்துபோன ஒன்றைப் போட்டார். டக்... டக்... டக்... அவர் கண்ணை மூடி ரசித்தார். வறுமைக்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் உண்டா?

"இவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் மனைவி.

வேலை முடிந்து வந்த மகள் நடுக்கூடத்தில் நின்று வெறும் தரையைப் பார்த்தாள். தகப்பனார் தாடையைச் சொறிந்துகொண்டு, அன்று சவரம் செய்யாத முகத்தில் துயரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடு உங்களுக்கு வெக்கமா இருக்காப்பா?"

"யாரு சொன்னா? எல்லாம் உனக்காகத்தான்."

"அப்ப நான்தான் பத்தல, இல்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே சுருக்கென்றது. தட்டிப் பார்த்திருந்தால் அதுதான் பித்தளை என்று தெரிந்திருக்கும். ஆனால் தன் விஷயத்தில் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லையே! "போய்ப் பழைய சட்டை ஏதாவது இருக்கா பாரு" என்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வந்த இயக்குநர் வயதில் சின்னப் பெண். வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"சார், வீடு காலி பண்றீங்களா?"

"இல்லம்மா. எங்க வாழ்க்கையே இதான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். பின்னணியில் குழாய் சரியான சமயத்தில் டக் என்றது.

"ஐயையோ! சார், இந்த வாரம் எங்ககிட்ட எல்லாமே சோகம். வீடு போனவர் இருக்காரு, வேலை போனவர் இருக்காரு. பார்க்கிறவங்க பாவம் இல்லையா? உங்க வீட்டை நம்பித்தான் வந்தோம். நல்ல வசதியான, சந்தோஷமான குடும்பம்னு உங்க பொண்ணு சொன்னாங்களே?"

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! சோஃபா கட்டிலிலிருந்து இறங்கியது. திரைச்சீலைகள் ஏறின. ஃப்ரிட்ஜைக் கேட்கப் போனால், "நீங்க ஒரு வாரம் ஆகும்னீங்களே? வீட்டம்மா தக்காளியெல்லாம் அடுக்கிட்டாளே சார்" என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார். கடைசியில் தக்காளியோடு சேர்ந்தே ஃப்ரிட்ஜ் வீடு திரும்பியது. குழாய்தான் மசியவில்லை. கழற்றிய நல்ல வாஷரை எங்கே வைத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ஒலிப்பதிவுக்காரர் வேறு, "சார், ஏதோ சொட்டுது, ஏதோ சொட்டுது" என்று உயிரை வாங்கினார். குழாய் மேனேஜர் வீட்டில் குழாய் ஒழுகுவதை எந்த வாயால் ஒப்புக்கொள்வது?

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். சோஃபாவுல எப்பவும் உட்கார்ற மாதிரி உட்காருங்க. டிவி பாருங்க. பொண்ணு வந்து பக்கத்துல உட்காரும். நீங்க சிரிக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! வருஷக்கணக்காக உட்கார்ந்த சோஃபாவில் எப்படி உட்காருவது என்று அவருக்கு மறந்துபோயிற்று. சம்மணம் போட்டால் தவம் பண்ணுகிறவர் மாதிரி இருந்தது. காலைத் தொங்கவிட்டால் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது. சிரித்தார். "கொஞ்சம் இயல்பா" என்றாள் இயக்குநர். மறுபடி சிரித்தார். "பல் மட்டும் தெரியுது சார்." பல் ஆஸ்பத்திரிப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒலிப்பதிவுக்காரரிடம் அவள் தனியாக ஏதோ கேட்டதை அவர் கவனிக்கவில்லை. வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டைப் பதிவு செய்த அன்று அவர் போகவில்லை. அந்த மாதிரி செயற்கையான இடத்துக்கெல்லாம் தான் வருவதில்லை என்று சொல்லிவிட்டார். மகள் என்ன பாடினாள் என்றும் சொல்லவில்லை. ஆகவே ஒளிபரப்பான மாலையில், மனைவி, மகள், மாஸ்டர் எல்லோரும் சூழ்ந்திருக்க, சோஃபாவின் தம் இடத்தில் சம்மணம் போட்டு அமர்ந்தார். வீடு போனவர் வந்தார். "நடிப்பு." வேலை போனவர் வந்தார். "நடிப்பு." கை ஓய்வில்லாமல் நீண்டு மடங்கியது. அடுத்து, ஒரு கூடம், ஒரு சோஃபா, அதில் விறைத்துப்போய் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆசாமி. வலது கை தானாக நீண்டது.

"நடிப்பு. சுத்த நடிப்—"

வாய் பாதியில் நின்றது. கை மட்டும் தன்னையே காட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"முதல் தடவையா சரியாச் சொன்னீங்கப்பா" என்றாள் மகள்.

டிவியில் மேடை இருண்டது. டக்... டக்... டக்... அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் வீட்டுக் குழாய்! ஒலிப்பதிவுக்காரரிடம் கேட்டு வாங்கிய அந்தச் சொட்டுச் சத்தத்தையே தாளமாக வைத்து அவள் பாட ஆரம்பித்தாள்.

"ஃப்ரிட்ஜு போச்சு பக்கத்து வீட்டுக்கு,
சோகம் வந்துச்சு எங்க வீட்டுக்கு!
அடுத்தவன் அழுதா நடிப்புங்கறாரு,
அழத் தெரியாம அப்பா முழிக்கறாரு!
வலியே இல்லன்னு வருத்தப்பட்டாரு,
வாடகைக்கு ஒண்ணு கொண்டுவந்துட்டாரு!"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் தம் வீட்டுப் பெயர் டிவியில் அடிபட்ட பெருமையில் கைதட்டினார். அப்புறம் தாளம் மெதுவானது. "என்னை நம்பாம இல்ல, எங்கப்பா, என்மேல ஆசைப்பட்டு ஒழுகின குழாயப்பா" என்று அவள் முடித்தபோது, ஒரிஜினலின் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. துடைக்கக் கூச்சமாக இருந்தது. மனைவி எழுந்து வந்து, வளைத்த விரல் முட்டியால் அவர் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள்.

"வெளியிலதான் பூச்சு. உள்ள பித்தளைதான்."

பெண் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாள். அவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? மறுநாள் ஷோரூமில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மொத்தப் போட்டியிலயும் என் பொண்ணு ஒருத்திதான் ஒரிஜினல், மத்ததெல்லாம் நடிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு மாற்றம். வீட்டுக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மனைவி எவ்வளவு திட்டியும், கடை நிறைய வாஷர் வைத்திருக்கும் மனிதர் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அது இருக்கட்டும். இவ்வளவு நேரம் படித்தீர்களே, நடுவில் எங்கேயோ, ஃப்ரிட்ஜ் போனபோதோ, அந்த மனிதர் கண் கலங்கியபோதோ, "சும்மா, இப்படியெல்லாம் நடக்குமா?" என்று உங்கள் உதடு லேசாகப் பிதுங்கியதே, அதைக் கவனித்தீர்களா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அந்த சோஃபாவில் உங்களுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்.