பத்துக் கவரில் ஒரு தகுதியான ஆள்

செவ்வாய்க்கிழமை காலை என்றால் எங்கள் அலுவலக மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. பார் நடத்த மேலாளர் சான்றிதழ் வேண்டி வந்தவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரே தள்ளுமுள்ளு. எல்லோரும் ஊசல் ஐயாவைப் பார்க்க வந்தவர்கள்.

யாரிடம் சாராயக் கடையை நம்பி ஒப்படைக்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவுக்கு நான்தான் தலைவன். இரண்டு பட்டம் வாங்கியவன். சுழல் நாற்காலி உண்டு. விதிப்படி, வந்தவரை உட்கார வைத்து நாற்பது கேள்வி கேட்க வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க வேண்டும். யாரால் முடியும்? நான் பக்கத்தில் உட்கார வைத்திருந்த ஊசல் ஐயா, விண்ணப்பத்தில் ஒட்டிய படத்துக்கு மேலே ஒரு பித்தளைக் குண்டை நூலில் தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் தகுதி. நேராக ஆடினால் தள்ளுபடி. அரை நிமிட வேலை. நான் டீ ஆறுவதற்குள் மூன்று பேரின் தலையெழுத்தை முடித்துவிடுவேன்.

போன மாதம் பெரிய வட்டம் போட்டுத் தேறிய ஒருவர், தன் கடைக் கல்லாவுக்கு அடியிலேயே குடித்துவிட்டு உருண்டு கிடந்தார். "ஆள் சரிதான். கடை இருக்குற திசை சரியில்ல" என்றார் ஊசல் ஐயா. நானும் தலையாட்டினேன். தலை எனக்கு அதற்குத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அன்று வந்த பெண் பன்னிரண்டு வருடமாக ஒரே பாரில் வேலை பார்ப்பவள். பழைய மேலாளர் இறந்துபோனார். வெள்ளிக்கிழமைக்குள் புது மேலாளர் இல்லையென்றால் கடைக்குப் பூட்டு. அவளோடு சேர்த்து ஒன்பது பேருக்கு வேலை போகும். ஏற்கெனவே இரண்டு தடவை குண்டு அவளுக்கு நேராக ஆடியிருந்தது.

"மறுபடியுமாம்மா?" என்றேன் சலிப்பாக.

"மறுபடியும்தான் சார். இந்தத் தடவை நான் ஒண்ணு கேக்கலாமா? ஐயா, படம் கவருக்குள்ள இருந்தா உங்க குண்டுக்குத் தெரியுமா?"

ஊசல் ஐயா சிரித்தார். "கவர் என்னம்மா கவர்! இரும்புப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டு. அப்பவும் சொல்லும்."

அவள் பையிலிருந்து பத்துக் காக்கிக் கவர்களை எடுத்து என்னிடம் தந்தாள். "உள்ள போய் நீங்களே படம் போட்டு ஒட்டிக் கொண்டாங்க சார்" என்றவள், என் காதருகே குனிந்து, "பத்துலயும் ஒரே ஆள் படம்" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சிறந்த அதிகாரி விருதுக்கு அனுப்ப நான் எடுத்து வைத்திருந்த படங்கள் மேசை இழுப்பறையில் இருந்தன. விருதுக்கு யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். என்னைவிடத் தகுதியான ஆள் உண்டா? பத்து வட்டம் விழும், இவள் வாயடைத்துப் போவாள் என்று என் படத்தையே பத்திலும் போட்டு ஒட்டினேன்.

முதல் கவருக்கு அழகான வட்டம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவதற்கு நேர் ஆட்டம். "இவன் கடைச் சரக்கைத் தானே குடிச்சுத் தீத்துருவான்" என்றார் ஊசல் ஐயா.

மூன்றாவதும் நேர். "சுத்த சோம்பேறி. கையெழுத்து போடுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது." என் குழுவில் இருந்த மற்ற இருவரும் ஏனோ குனிந்துகொண்டார்கள்.

ஐந்தாவதில் நான் உத்தமன். ஏழாவதில் திருடன். கடைசிக் கணக்கு: நான்கு வட்டம், ஆறு நேர். ஊசல் ஐயா நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவள் கவர்களை ஒவ்வொன்றாகக் கிழித்து மேசையில் பரப்பினாள். பத்து நான்கள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தோம்.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஃபேன் காத்து..." என்றார் ஊசல் ஐயா.

"அப்போ எனக்கு ரெண்டு தடவை ஆடினதும் காத்துதானே?" என்றாள் அவள். "முன்கூட்டியே இவர் வீட்டுக்குப் போய்க் காசு குடுத்துக் கவனிச்சவங்களுக்கு மட்டும் ஏன் சார் காத்தே அடிக்கல?"

வரிசையில் நின்ற ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "நானும் கவனிச்சேன் சார். வட்டம் போட்டுத் தர்றேன்னு சொன்னாரு." அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு கைகள் எழுந்தன. ஊசல் ஐயா குண்டை மறந்துவிட்டு இறங்கி ஓடினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தூசி தட்டி விதிப் புத்தகத்தைப் பிரித்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி கேட்டேன். "ஒருத்தர் ஏற்கெனவே தள்ளாடுறாரு. இன்னொரு கிளாஸ் கேக்குறாரு. கையில வண்டிச் சாவி. என்ன செய்வீங்க?"

"சாவியை வாங்கி உள்ள வச்சிருவேன். தண்ணி குடுத்து உக்கார வச்சு, வீட்டுக்குப் போன் பண்ணுவேன். கண்டபடி திட்டுவாரு சார். மறுநாள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து சாவி கேப்பாரு."

நாற்பது கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. நான்கைந்து பதில்கள் எனக்கே புதுசு. கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கொடுத்தேன்.

அவள் போனதும் வரிசையில் இருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், அடுத்த தெருவுல ஒருத்தர் முட்டையை உருட்டிப் பாத்துச் சொல்றாராம். அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

குடித்தவனுக்கு விடிந்தால் தெளிந்துவிடுகிறது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் மயங்கிக் கிடக்கிற நமக்குத்தான், யாராவது பிடித்து உலுக்கும்வரை யோசிக்கவே தோன்றுவதில்லை.