குருவையா அண்ணன் பாட்டும் என் பேரும்

பிள்ளைகளா, செத்தவர் பொருளை எடுத்தால் கேட்க ஆள் வராது என்று நினைக்கிறவன் முட்டாள். நான் நினைத்தேன். எடுத்தது நகையோ நிலமோ இல்லை, ஒரு பாட்டு. கேட்க ஆள் வந்தது. உச்சி வெயிலில், ஒரு ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

இந்தக் கதையை உங்கள் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் நேரே நான் விழுந்த இடத்தில்தான் ஆரம்பிப்பாள். விழுவதற்கு முன்னால் நடந்ததை நான் சொன்னால்தான் உண்டு.

ரெண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். செல்போன் முதலாளிமார் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். எனக்குச் சிவகாசியில் ஒரு சின்ன அச்சாபீசில் மிஷினுக்குத் தாள் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் பாட்டுக்காரன். பொங்கல், கோயில் கொடை, காதுகுத்து என்று கூப்பிட்ட ஊருக்குப் போவேன். (கூப்பிடாத ஊருக்கும் ரெண்டு தடவை போயிருக்கிறேன். அது வேண்டாம்.)

எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. யார் பாட்டை யாரும் பாடலாம். ராகத்தை எடுக்கலாம், நாலு அடி கூட்டலாம், குறைக்கலாம். அவர் பாட்டைக் கேட்டுத்தான் இவர் கட்டுவார், இவர் பாட்டைக் கேட்டு இன்னொருவர் கட்டுவார். ஆனால் கடைசி அடியில் கட்டினவர் பேர் வரும். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது. சோற்றைத் தின்னலாம், இலையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்கிற மாதிரி.

அப்போது இந்த வட்டாரத்தில் பெரிய பேர் ஆலங்குளம் குருவையா அண்ணன். சுண்ணாம்புக் கல் உடைக்கிற வேலை. அவர் கட்டிய 'பள்ளத்துப் பாட்டு' கேசட்டில் வராமலே ஊர் ஊராகப் போனது. கல் எடுத்துக் கைவிட்ட பெரிய பள்ளத்தைப் பார்த்து ஒருவன் கூப்பிடுவான். உள்ளேயிருந்து பதில் வரும்.

'பள்ளத்துக்குள்ள இருக்கிறது யாரு?'
'பாறையைத் தின்ன பசிக்காரன்!'
'மேட்டுக்கு ஏறி வருவது எப்போ?'
'மேளம் ஒருநாள் கேக்கையிலே!'

பதிலைப் பாடுகிற ஆள் கூட்டத்துக்குத் தெரியாமல் எங்கேயாவது மறைந்து நிற்பார். கடைசியில் அந்த மறைந்த குரல்தான் பேரைச் சொல்லும்: 'ஆலங்குளத்துக் குருவையா கட்டு, அழைச்சாக்க வருவேன் கதவைத் தட்டு!' அதைக் கேட்ட ராத்திரி பல வீடுகளில் ரெண்டு தாழ்ப்பாள் போட்டார்கள்.

நானும் கட்டுவேன். அப்போது என் கையில் சொந்தமாக இருந்தது ஒரே பாட்டு, அட்டை ஒட்டுகிற மைதாப் பசையைப் பற்றி. பதினாறு அடி. பாடி முடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும்.

இந்த லட்சணத்தில் எனக்கு மல்லாங்கிணற்றில் பெண் பார்த்தார்கள். உங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பாட்டுக்காரருன்னு சொன்னாக. சொந்தமாக் கட்டுவீகளா, இல்ல ஊரான் பாட்டைப் பாடிப் பொழைக்கீகளா?"

"சொந்தமாத்தான் மாமா."

"அப்பச் சரி. பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஊருல வந்து பாடுங்க. நல்ல பாட்டா ஒண்ணு உங்க பேரு போட்டுப் பாடுங்க. கேட்டுட்டுத்தான் பொண்ணு."

கதவிடுக்கில் உங்கள் அம்மாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு கண்ணுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று முடிவெடுத்தேன். செய்தும் விட்டேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அச்சாபீஸ் வாசல் டீக்கடையில் வடை வாங்கினேன். கடைக்காரர் அச்சடித்த கழிவுத் தாளில் சுற்றித் தந்தார். பிரித்தேன். தாளில் குருவையா அண்ணன் முகம். நெற்றிக்குக் குறுக்கே கறுப்பாக, பெரிய எழுத்தில், 'கண்ணீர் அஞ்சலி'. எண்ணெய் ஊறிய இடத்தில் கண் ரெண்டும் வெளிறிப் போய், என்னையே பார்த்தன.

அழுதேன். சத்தியமாக அழுதேன். (வடையையும் தின்றேன். ரெண்டும் ஒரே நேரத்தில்தான்.) துக்கம் கேட்கவாவது போகலாம் என்றால், நோட்டுப் புத்தக அட்டை ஆர்டர், லீவு கிடையாது. அன்றைக்கே மிஷின் பக்கத்தில் நின்றபடி அவருக்கு ஓர் ஒப்பாரி கட்டினேன். அது தானாக வந்தது. அடுத்ததாக ஒரு யோசனை வந்தது. அதுவும் தானாகத்தான் வந்தது.

பள்ளத்துப் பாட்டு மல்லாங்கிணற்றுப் பக்கம் இன்னும் போகவில்லை. செத்தவருக்குப் பேர் எதற்கு? எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விஸ்வநத்தத்துக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றடியில் பாடிப் பழகினேன். 'ஆலங்குளத்துக் குருவையா' வருகிற இடத்தில் 'விஸ்வநத்தத்துக் காளிராசு'. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் நாக்கு திரும்பவில்லை. 'விஸ்வநத்தத்து' என்று ஆரம்பிப்பேன், 'குருவையா' என்று முடியும். மூன்று நாள் இப்படியே. நான்காம் நாள் என் பேர் ஒழுங்காக வந்தது. கிணறு எல்லா அடியையும் திருப்பிச் சொன்னது. அந்த ஒரு அடியை மட்டும் சொல்லவில்லை. காற்று மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். ஓடவில்லை. வேகமாக வந்தேன்.

பொங்கலன்று சாயங்காலத்தை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது உச்சி உருமம், நடுப்பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் குமரிப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்ப மாட்டார்கள், காற்றுக் கருப்பு நடமாடும் என்று. நிழல் காலடியில் ஒளிந்துகொண்டது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. முன் வரிசையில் உங்கள் தாத்தா. பெண்கள் பக்கத்தில், இந்தத் தடவை ரெண்டு கண்ணோடும், உங்கள் அம்மா.

முதலில் குருவையா அண்ணன் மறைந்த சேதியைச் சொன்னேன். ஊர் எழுந்து ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஒப்பாரி.

'வெள்ளப் பொடி பூத்த வேட்டியும் காயலையே,
வெளிய போன மகராசன் வீடு திரும்பலையே.
பாடிவச்ச பாட்டெல்லாம் வாசல்ல நிக்குது,
பாடுன வாயத் தேடி ஊரெல்லாம் கேக்குது.'

கூட்டத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. ஒப்பாரியில் பேர் போடுவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். (எவ்வளவு நல்லவன் பாருங்கள்.) உடனே, "அடுத்து, நானே கட்டிய பாட்டு" என்று அறிவித்தேன்.

மறைந்து பாட எனக்கு ஆள் கிடையாது. பதிலையும் நானே குரலை மாற்றிப் பாடுவதாகத் திட்டம். கையைக் காதில் வைத்துக் கூப்பிட்டேன்.

'பள்ளத்துக்குள்ள இருக்கிறது யாரு?'

மூச்சு இழுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கர் பாடியது.

'பாறையைத் தின்ன பசிக்காரன்!'

குருவையா அண்ணன் குரல். கரகரப்பும் அந்தக் கடைசி இழுப்பும் அப்படியே. கூட்டம் கை தட்டியது. "ஆள எங்கனயோ ஒளிச்சு வச்சிருக்காம்லே!" என்று ஒருவர் ரசித்தார். என் முதுகில் வேர்வை மேலிருந்து கீழே இறங்காமல் அப்படியே நின்றது. நிறுத்தினால் பெண் போச்சு. பாடினால் உயிர் போச்சு. பாடினேன்.

'மேட்டுக்கு ஏறி வருவது எப்போ?'

'மேளம் ஒருநாள் கேக்கையிலே!'

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் யாரோ மேளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ரெண்டே தட்டு. எனக்கு அது போதும். ஆனாலும் பாருங்கள், பேராசை என்பது பயத்தைவிடப் பெரியது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடியைக் கத்தினேன்.

'விஸ்வநத்தத்துக் காளிராசு கட்டு...'

ஸ்பீக்கர் ஒரு தடவை கொர்ரென்று இரைந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பாடாமல் பேசியது.

'ஆலங்குளத்துக்... குருவையா... கட்டு. அழைச்சாக்க... வருவேன்...'

நான் டிரெய்லரிலிருந்து குதித்தேன். (அம்மா சொல்வது போல் விழவில்லை.) ஓடினேன். நாலு எட்டு வைப்பதற்குள் என் வலது காலை எதுவோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. மைக் வயர் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. மண்ணில் குப்புற விழுந்து, கையில் இருந்த மைக்கை விடாமல், கும்பிட்டேன்.

"அண்ணே, விட்ருங்கண்ணே! பேர மாத்துனது நாந்தாண்ணே! செத்தவுகளுக்குப் பேரு எதுக்குன்னு நெனச்சுட்டேன். பொண்ணுக்காகத்தாண்ணே! மொத அடியிலருந்து கடேசி அடி வரைக்கும் உங்க பாட்டுண்ணே. எனக்குன்னு இருக்கது பசைப் பாட்டு ஒண்ணுதாண்ணே!"

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. மல்லாங்கிணறு முழுவதும் கேட்டது. கேட்காதவர்கள் பேருந்து நிலையத்தில் இருந்தவர்கள், அவர்களுக்கும் அங்கே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள்.

மைக் செட்டுக்காரரின் தார்ப்பாய்க் கூடாரத்திலிருந்து ஓர் உருவம் வெளியே வந்தது. தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, கைகால் வெள்ளை.

"ஏலே, நான் எப்பலே செத்தேன்?" என்றது உருவம்.

"போன வெள்ளிக்கெளமண்ணே" என்றேன்.

"வெள்ளிக்கெளம நான் கோளி அடிச்சுக் கொளம்பு வச்சுத் தின்னேம்லே!"

குருவையா அண்ணனின் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்து சுண்ணாம்புப் பொடியோடு அப்படியே பஸ் ஏறி, பொங்கலுக்கு வந்து இறங்கியிருக்கிறார். இறங்கியதும் ஸ்பீக்கரில் அவருடைய சாவுச் செய்தி. நேரே செட்டுக்காரரிடம் போனவர், காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்க வைத்திருந்த மைக்கை எடுத்துக்கொண்டார்.

நான் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்தார், உங்கள் தாத்தா பார்த்தார், கை மாறி மாறிப் பெண்கள் பக்கம் போனது. அப்போதுதான் உங்கள் அம்மா என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"இதுல ஒரு சேவலும் இருக்கே. அதுவுமா செத்துப்போச்சு?"

தீப்பெட்டி லேபிள் சேவல். குருவையா அண்ணனின் காதுப் பக்கம் நின்றது. அதற்குக் கீழே, எண்ணெய்க்குள், வேறு யாரோ ஒருவரின் மீசை. அவர்தான் உண்மையில் காலமானவர்.

விஷயம் இதுதான். புது வேலை ஆரம்பிக்கும்போது மை சரியாக ஏறும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டோம். முந்தின வேலையில் கெட்டுப்போன தாளையே திரும்ப மிஷினுக்குக் கொடுப்போம். அதனால் ஒரே தாளில் சாமி, சேவல், கல்யாணம், சாவு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். அண்ணன் பாடப் போகிற கொடைக்கு அடித்த நோட்டீஸின் மேல் இன்னொருவரின் அஞ்சலி விழுந்திருக்கிறது. சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கெட்ட தாளை ஆறு வருஷமாக மிஷினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

உங்கள் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார். "சொந்தப் பாட்டு ஒண்ணும் கெடையாது. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க தம்பி." மாமா என்று கூப்பிட வைத்தவர், தம்பி என்று இறக்கிவிட்டார்.

நான் எழுந்து மண்ணைத் தட்டினேன். குருவையா அண்ணன் நகரவில்லை.

"ஏலே, அந்த ஒப்பாரி யாரு கட்டுனது?"

"நாந்தாண்ணே."

"என் மூஞ்சியப் பாத்து இன்னொருக்காப் பாடு."

உயிரோடு நிற்கிற மனிதருக்கு, அவர் முகத்துக்கு நேரே ஒப்பாரி பாடியிருக்கிறீர்களா? பாடாதீர்கள். அவர் வெள்ளைப் புருவத்தோடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். 'பாடுன வாயத் தேடி' என்ற இடத்தில் அவர் கை தானாகப் போய் அவர் வாயைத் தொட்டது. நான் அழுதேன். இந்தத் தடவை நடிப்பில்லை, வடையும் இல்லை.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "எங்களுக்கு ஒப்பாரி கட்ட வீட்டுப் பொம்பளைக இருக்காக. பாட்டுக்கு ஒப்பாரி கட்டுனவன் நீதாம்லே. இத நான் எடுத்துக்கிடுதேன்."

அங்கேயே மைக்கை வாங்கி, என் ஒப்பாரியை என்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பாடினார். கடைசியில், நான் போடாத அடியை அவரே போட்டார். 'விஸ்வநத்தத்துக் காளிராசு கட்டு.' இன்னொருவர் வாயில் என் பேரை அன்றுதான் கேட்டேன். மேலெல்லாம் புல்லரித்தது.

உங்கள் தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"என்னத்தா சொல்ற?"

"பேயிகிட்டயே பொய் சொல்லத் தெரியலப்பா. எங்கிட்ட எங்க சொல்லப் போறாக" என்றாள் உங்கள் அம்மா.

கல்யாணத்துக்குக் குருவையா அண்ணன் வந்து பசைப் பாட்டையும் பாடினார். பதினாறு அடியை நாலாக்கி. அதுதான் நன்றாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஒப்பாரி அவர் வாயிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய்விட்டது. இழவு வீடுகளில் பாட ஆரம்பித்தார்கள். எங்கள் பட்டாசுப் பக்கம் 'வெள்ளப் பொடி' 'வெள்ளிப் பொடி' ஆகிவிட்டது. இங்கே பட்டாசு வேலைக்குப் போனவர்கள் மருந்துப் பொடி ஒட்டி அந்த நிறத்தில்தானே திரும்புகிறார்கள். எல்லாம் மாறியது, முறைப்படி கடைசி அடி மட்டும் மாறவில்லை. தூரத்தில் ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு, ஒப்பாரியில் வருகிற பேர் யாருடையது? செத்தவருடையது.

முதலில் திருத்தங்கலிலிருந்து என் சித்தப்பா மாலையோடு வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். மாலையைப் போட்டுவிட்டு ஓடினார். அடுத்து வீட்டுக்குப் போன் வந்தது. "எப்ப எடுக்கீக?" என்று ஒரு குரல். "யார?" என்றேன். "காளிராச." "நாந்தான் பேசுறேன்" என்றேன். அந்த மனிதர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாராம்.

அன்றிலிருந்து போனை நான் எடுப்பதில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது வருகிறது. அம்மா எடுப்பாள். அந்தப் பக்கம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்வாள்:

"இன்னும் இல்லீக. இந்தா, ரெண்டாவது தடவ சோறு வாங்கிக்கிட்டு இருக்காக."