இரண்டு நாட்டிலும் அழுதவள்

"ஏலே, உனக்குப் பின்னாடி அந்தத் தட்டு ஏன் காலியா கெடக்கு?"

மன்னவனூர் பஸ் நிறுத்த வளைவில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை மேல் ஏறி நின்று வீரம்மா கத்தினாள். வளைகுடா நாட்டில் தான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டை, மகன் பிரதீப் வீடியோ காலில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அது பிஸ்கட் தட்டும்மா. ஆஃபர் போட்டோம், வித்துருச்சு."

"சண்டைக்குப் பயந்து சனம் வாங்கிப் பதுக்குது. மறைக்காத!"

"எம்மா, சண்டை பக்கத்து நாட்டுல. இங்க ஒண்ணுமே இல்ல. நீ டிவியைப் பாக்காத."

டிவியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? பிரதீப் போய் மூன்றாவது பொங்கலும் முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆன பிறகுதான் லீவு என்கிறான். இரண்டு பேருக்கு அரிசி அளக்கும்போது வீரம்மாவின் கை தானாகவே மூன்றாவது ஆழாக்கையும் போட்டுவிடும். பிறகு எடுத்து டின்னில் திரும்பக் கொட்டுவாள். எங்கள் தெருவில் சுவர்கள் மெல்லியவை; கொட்டும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

சண்டை தொடங்கியதும் டிவிக்காரர்கள் வரைபடத்தில் அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பாக அடித்துவிட்டார்கள். செய்தி வாசிப்பவர், தானே போய்க் குண்டு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். நடுநடுவே ஒரு பெண் வந்தாள். மலைச்சரிவு எரிகிறது. தலையில் துண்டு கட்டிய ஒருத்தி, முதுகு மட்டும் தெரிய, புகைக்குள் அங்கும் இங்கும் ஓடித் தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் குரலை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். கீழே எழுத்து: 'எதிரியின் தாக்குதல்: மகனைத் தேடும் தாய்.'

"என்னாங்க, அந்த ஊர்லயும் நம்ம கேரட் காட்டுக்குப் போறவளுக மாதிரிதான் துண்டு கட்டுறாளுக."

"துண்டு எல்லா ஊர்லயும் துண்டுதான். நீ கஞ்சியைக் குடி" என்றார் அவள் புருஷன் சுப்பையா.

அவள் குடிக்கவில்லை. பட்டினி அவளுக்குப் புதிதும் இல்லை. போன கோடையில் மலை தீப்பிடித்தபோது, பிரதீப் வாங்கிக் கொடுத்த ஆடு காணவில்லை என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள். ஆடு மறுநாள் தானாக வீடு வந்து சேர்ந்தது.

சுப்பையா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பையனாக இருந்தபோது கப்பலேறி வந்தவர். "அங்க லயத்து வீடுகள்ல ரெண்டு ரேடியோ இருந்துச்சு புள்ள. ஒரே சண்டைக்கு ரெண்டும் ரெண்டு கணக்கு சொல்லும். இவனுகளை நம்பாத."

"ரேடியோவுல முகம் தெரியாதுங்க. இதுல கண்ணால பாக்குறோமே."

"இதுலயும் முகம் தெரியலையே. முதுகுதான தெரியுது?"

"அழுகுறவளுக்கு முதுகு போதுங்க."

சுப்பையா சத்தமில்லாமல் கூரையேறி டிஷ் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். "மழைக்குப் போயிருச்சு" என்றார். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வீரம்மா அடுத்த வீட்டுத் தேவசேனாவிடம் போய் உட்கார்ந்தாள். அங்கே வேறு சேனல். அதிலும் அதே மலை, அதே துண்டு, அதே ஓட்டம். எழுத்து மட்டும் மாறியிருந்தது. குண்டு போட்டது இப்போது மற்ற நாடு.

"அடி ஆத்தி! நேத்து அந்த நாட்டுல தேடினா. இன்னிக்கு இந்த நாட்டுக்கே வந்துட்டாளே!"

"நடுவுல ராணுவம் நிக்குதேக்கா, எப்படித் தாண்டினா?" என்றாள் தேவசேனா.

"மகனைத் தேடுறவளை எவன்டி தடுப்பான்?"

அவள் எந்த நாட்டுக்காரி என்பதில் தேவசேனாவின் புருஷன் மயில்சாமிக்குச் சந்தேகமே இல்லை. சுப்பையாவுக்கும் திடீரென்று சந்தேகம் தீர்ந்துபோனது, எதிர்ப்பக்கமாக. ரேடியோவை நம்பாதவர் வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "அவங்க ஆளு!" "இல்ல, இவங்க ஆளு!" அந்தப் பெண் வாயில் யாராவது ஒரு வாய் கஞ்சி ஊற்றினார்களா என்று கேட்டது வீரம்மா மட்டும்தான்.

அன்று சாயங்காலம் அவள் பழனி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். "முருகா, என் மகன் வந்து சேரணும். அவ மகனும் வந்து சேரணும். ரெண்டுக்கும் ரெண்டு மொட்டை."

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நான் ஒரு ஆளு ரெண்டு மொட்டை போட முடியுமா?"

சுப்பையா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே முருகனுக்குக் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இருந்ததை அருமையாகச் சீவி வளர்த்தவர்.

இன்னும் என்னென்ன வேண்டுதல் வருமோ என்ற பயத்தில்தான் மறுநாள் பாறையேறி அவரே மகனை அழைத்தார். "உங்கம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கா. வெரசா ஒருதரம் வந்துட்டுப் போடா."

"இப்ப வந்தா சூப்பர்வைசர் சோலி அடுத்தவனுக்குப் போயிரும்ப்பா. டிவிக்காரன் புளுகுறதுக்கு நான் என்ன செய்ய?"

கூடவே நின்ற வீரம்மா போனைப் பிடுங்கினாள். "புளுகா? அங்க ஒருத்தி கதறுறது உனக்குப் புளுகா? உனக்குச் சோலிதான் பெருசுன்னா இனி இந்த அம்மாவுக்குப் போன் பண்ணாத!"

வீட்டில் இருந்த ஒரே போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்தாள். அதற்குப் பிறகு அரிசி எடுக்கிற சாக்கில் தினமும் அதைத் தொட்டுப் பார்த்தாள். அதை மறுபடி உயிர்ப்பிக்க மட்டும் ரோஷம் விடவில்லை. தொட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். சுவர் மெல்லியது என்று சொன்னேனே.

அந்த வாரக் கடைசியில், வெள்ளனே வருகிற பஸ்ஸிலிருந்து பையும் கையுமாகப் பிரதீப் இறங்கினான். இறங்கியவன் முதலில் தெருவைப் பார்க்கவில்லை. மலையைத்தான் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு வீட்டுக்கு ஓடி அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை தடவினான்.

"எம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கு என்னடா? நீதான குண்டுக்குள்ள இருந்து வந்திருக்க!"

அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். அன்று மூன்றாவது ஆழாக்கு டின்னுக்குத் திரும்பவில்லை. சோறு போட்டுக்கொண்டே வேண்டுதல் கதை முழுவதையும் சொன்னாள். பட்டினியும் முருகனும் சேர்ந்து மகனை இழுத்து வந்துவிட்டதாகத் தெருவே பேசியது. சுப்பையா ஒயரை மாட்டினார். டிவியில் மறுபடியும் புகை, வயலின், முதுகு.

வீரம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வந்துட்டான். பாவம், அவ மகன் மட்டும் இன்னும் வரலியே."

தன் மொட்டை தள்ளிப்போன நிம்மதியில் சுப்பையா மெல்லத் தலையைச் சீவினார்.

கையில் சோற்றோடு டிவியையே பார்த்திருந்த பிரதீப் சொன்னான்: "போன கோடையில நீ ஆட்டைத் தேடினப்ப எவனோ டூரிஸ்ட் எடுத்த வீடியோம்மா இது. உன் முதுகு எனக்குத் தெரியாதா? அங்க டிவியில பாத்ததும் நம்ம மலை மறுபடி எரியுதுன்னு பதறி அடிச்சா, போனும் போகல. அதான் சோலியை விட்டுட்டு ஓடியாந்தேன். யப்பா, சீப்பைக் கீழ வைங்க, அவ மகனும் வந்துட்டான்."